தாழைத்தீவுல சாத்துன கதவு

ஏட்டி உலகு, கண்ண மூடு. மூடிட்டேன்னு சொல்லாத, இமை துடிக்கி, எனக்குத் தெரியும். உங்கம்மா ரேஷன் கடைக்குப் போயிருக்கா. அவ வாரதுக்குள்ள நீ தூங்கணுமாம், மத்தியானம் தூங்குனாத்தான் காய்ச்சல் எறங்குமாம். அத டாக்டர் சொன்னாரா, இல்ல அவளாச் சொல்லுதாளான்னு எனக்கு ஒரு சந்தேகம். சரி, அது கெடக்கட்டும். கையில என்ன ஒளிச்சு வச்சிருக்க? காட்டு. அந்தக் கையி? ம், ஒண்ணுமில்ல. சரி படு.

கதை சொல்லுதேன். நீ 'ம்' கொட்டணும். உன் 'ம்' நின்னா அத்தை கதையும் நின்னுரும், ஆமா.

ஒரு கடலுல ஒரு தீவு. அந்தத் தீவுல ஒரு ராணி. தீவு பேரு தாழைத்தீவு, ராணி பேரு பூரணத்தாயி. எம்புட்டுப் பெரிய தீவுன்னு கேக்கியா? காலையில கஞ்சி குடிச்சிட்டு கரையோரமா நடந்தேன்னு வையி, மத்தியானச் சோத்துக்கு பொறப்பட்ட எடத்துக்கே வந்திரலாம். மொத்தம் நானூத்தி முப்பத்தொரு வீடு. ராணிக்குக் கிரீடமா? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஒரு கண்டாங்கிச் சேலை, கையில ஒரு ஓலை விசிறி, அவ்வளவுதான் ராணி.

சுத்தி எங்க பாத்தாலும் உப்புத் தண்ணி. ஆனா தீவுக்கு நடுவுல ஒரே ஒரு ஊத்து, அதுல மட்டும் நல்ல தண்ணி. கொப்புளு கொப்புளுன்னு பொங்கிக்கிட்டே இருக்கும். எந்தக் கோடையிலயும் வத்துனதில்ல. அதுக்கு வேலி கிடையாது, பூட்டு கிடையாது. யாரு எப்ப வந்தாலும் கொடத்த முக்கி எடுத்துட்டுப் போகலாம். அந்த ஊத்து இருந்தாத்தான் தீவு. அது போச்சுன்னா கருவாடும் மணலும்தான் மிச்சம். இத மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்கோ.

ம் சொல்லு. ஆங்.

அப்புறம், அந்தத் தீவுக்காரங்களுக்கு ஒரு வழக்கம். யாரும் யாரு மூஞ்சிக்கும் நேரா 'வேண்டாம்'னு சொல்ல மாட்டாவ. ஏன்னா சின்ன ஊரு பாத்துக்கோ. இன்னைக்கு ஒருத்தி முகத்த முறிச்சிட்டா, நாளைக்கு ஊத்துல அதே முகத்தப் பாக்கணும்லா? அப்போ வேண்டாம்னா என்ன செய்வாவ? கதவச் சாத்திருவாவ. பொண்ணு கேட்டு வாராவன்னு வையி. புடிக்கலன்னா வீட்டுக்கதவு சாத்தியிருக்கும். வந்தவங்க பாப்பாவ, 'சரி'ன்னு திரும்பிருவாவ. சண்டை இல்ல, சடவு இல்ல.

ஊர்க்காரியத்துக்கும் அதேதான். தெருத்தெருவா தமுக்கு அடிச்சு விஷயத்தச் சொல்லுவாவ. சம்மதம்னா புன்னமரத்து மைதானத்துக்கு வரணும். இல்லன்னா உள்ள இருந்து கதவச் சாத்திக்கிடணும். அப்புறம் ராணியே நடந்து வந்து, சாத்துன கதவ ஒவ்வொண்ணா விசிறிக்காம்பால 'டொக்'குன்னு தட்டி எண்ணுவா. சாத்துன கதவு அதிகம்னா அந்தக் காரியம் அதோட நின்னு போகும். ராணியே ஆசப்பட்டாலும் நடக்காது.

அந்தத் தமுக்கு அடிக்கிறவ ஒருத்தி இருந்தா, மாடத்தின்னு பேரு. டமுக்கு டமுக்கு டமுக்குன்னு அவ அடிச்சா தொட்டில்ல கெடக்குற பிள்ளையும் எந்திரிச்சிரும். அவ அப்படியே உங்க அத்தையத்தான் உரிச்சு வச்சிருப்பா. எதையும் லேசுல நம்ப மாட்டா. மீன் வாங்குனா செவுளத் தூக்கிப் பாப்பா, அப்புறம் வித்தவன் மூஞ்சியப் பாப்பா, அப்புறம் மறுபடியும் செவுளத் தூக்கிப் பாப்பா. சிரிக்காத, சிரிச்சா தூக்கம் கலைஞ்சிரும்.

அப்போ ஒரு நாளு, பூ...ம்னு சங்கு ஊதிக்கிட்டு ஒரு பெரிய கப்பல் வந்துச்சு. எங்க இருந்து? அக்கரையில பெருங்கரைன்னு ஒரு நாடு. அது எம்மாம் பெருசுன்னா, அந்த நாட்டு ராசாவுக்கே அது எங்க முடியுதுன்னு தெரியாது. கப்பல்ல இருந்து அந்த நாட்டுத் தூதர் எறங்குனாரு. பேரு என்னமோ ஒண்ணு, வாயில நுழையாது. ஆளு எப்பவும் சிரிச்சுக்கிட்டே இருப்பாரு. அதனால தீவுல அவருக்கு 'சிரிச்சமூஞ்சியாரு'ன்னே பேரு வச்சிட்டாவ. சும்மா சும்மா சிரிக்கிற ஆளப் பாத்தா எனக்கு நம்பிக்கையே வராது. மாடத்திக்கும் அப்படித்தான்.

சிரிச்சமூஞ்சியாரு ராணி முன்னால ஒரு பட்டுத்துணிச் சுருள சர்ருன்னு விரிச்சாரு. "அம்மா, கப்பல்ல குடிக்கத் தண்ணி இல்ல. பன்னெண்டே பன்னெண்டு பீப்பாய் தண்ணி வேணும்"ன்னாரு.

ராணி, "தாகம்னு கேக்குறவுகளுக்கு இல்லன்னு சொல்ல முடியுமா? எடுத்துக்கிடுங்க"ன்னுட்டா.

மாடத்தி ஊத்துப் பக்கமே போயி குத்தவச்சு உக்காந்துக்கிட்டா. கொடகொடகொடன்னு பீப்பாய் நெறையுது. ஒண்ணு, ரெண்டு, பத்து, பன்னெண்டு. நிக்கல. இருபது, முப்பது. ஓடி வந்து, "அம்மா, பன்னெண்டுன்னு கேட்டான், முப்பது எடுத்துட்டான். பட்டுத்துணிய வேற மோந்து பாத்தேன், வேற யாரு வீட்டுப் பெட்டி வாசமோ அடிக்கி. நமக்குன்னு வாங்குனதில்ல இது"ன்னா.

"விடுட்டி, தண்ணிதான"ன்னா ராணி.

தண்ணிதானவாம்! கேட்டியா உலகு?

அப்புறம் ரெண்டாவது தரம் வந்தாரு. இந்தத் தரம் ஒரு பெரிய கடிகாரம், டிங் டாங் டிங் டாங்னு அடிக்கும். அத ராணி வீட்டுல வச்சிட்டு, "அம்மா, வெயில்ல பீப்பாய் வெடிச்சுப் போகுது. ஊத்துப் பக்கம் நாலு கம்பு நட்டு, மேல ஓலை போட்டுக்கிடட்டுமா?"ன்னாரு.

மாடத்தி கடிகாரத்துப் பின்னால கைய விட்டுத் துழாவுனா, உள்ள எதும் ஒளிச்சு வச்சிருக்கானான்னு. ஒண்ணும் அம்புடல. ராணி, "நாலு கம்புதான, நட்டுக்கிடுங்க"ன்னுட்டா. நாலு கம்பு பத்தாச்சு. ஓலை ஓடாச்சு. உள்ள ஒரு கட்டில் வந்துச்சு. கட்டில் வந்தா ஆளு போவானா? சிரிச்சமூஞ்சியாரு அங்கனயே தங்கிட்டாரு. கொட்டகையில வேலைக்குன்னு தீவுக்காரங்கள்ல பத்தொம்போது பேரச் சேத்துக்கிட்டாரு. அவங்களுக்கு ஆளுக்கொரு சோடி செருப்பும் குடுத்தாரு.

ரெண்டு வருஷம் இருந்தாரு. வீடு வீடாப் போயி சாப்பிட்டாரு. மீன்கொழம்பு நல்லாருக்கும்பாரு, பிள்ளைகளத் தூக்கி வச்சுக்கிடுவாரு, "இது என்ன வழக்கம்? அது ஏன் அப்படி?"ன்னு கேட்டுக் கேட்டு ஒரு நோட்டுல கிறுகிறுன்னு எழுதிக்கிடுவாரு. மாடத்திக்கு மூக்குல வேர்த்திருச்சு. "கொழம்பு நல்லாருக்குன்னா தின்னுட்டுப் போ. அத எதுக்குவே எழுதுத?"ன்னு கேட்டுட்டா. அவரு சிரிச்சாரு. வேற என்ன செய்வாரு?

இப்பத்தான் நீ உன்னிப்பாக் கேக்கணும். ஒரு நாளு அவரு இன்னொரு கொட்டகை கேக்க வாராருன்னு ராணிக்குத் தெரிஞ்சு போச்சு. இது போதும்னு தோணிருச்சு அவளுக்கு. என்ன செஞ்சா? வழக்கப்படி வாசக்கதவச் சாத்திட்டா. சிரிச்சமூஞ்சியாரு வந்தாரு, சாத்துன கதவப் பாத்தாரு, கதவப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு, திரும்பிப் போயிட்டாரு. அந்தக் கொட்டகையக் கட்டவே இல்ல.

ஊரே அசந்து போச்சு. "பரவால்லட்டி, மனுசன் நம்ம வழக்கத்த மதிக்காரே"ன்னு பேசிக்கிட்டாவ. மாடத்திக்கும் உள்ளுக்குள்ள கொஞ்சம் எளகிருச்சு. நானா இருந்தா அந்தக் கும்பிடு எதுக்குன்னு நாலு நாளு யோசிச்சிருப்பேன்.

ம் எங்க? தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்புறம் மூணாவது தரம். கையில பட்டு இல்ல, கடிகாரம் இல்ல. ஒரு தாளு. "அம்மா, உங்க தீவு எங்க நாட்டோட சேந்துரட்டும். புயலடிச்சா கப்பல் வரும், காய்ச்சல் வந்தா வைத்தியர் வருவாரு. நீங்க ராணியாவே இருக்கலாம்"ன்னாரு.

மாடத்தி பக்கத்துல நின்னா. "ஊத்து யாருக்கு?"ன்னு கேட்டா.

"எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா யாரு யாருக்கு?"

அதுக்கும் ஒரு சிரிப்புதான். ராணிக்கு இது புடிக்கல. ஆனா மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு எப்படிச் சொல்லுவா? பொறந்ததுல இருந்து சொன்னதே இல்லையே. "நான் ஒருத்தி சொல்லி என்ன இருக்கு, சனத்தக் கேட்டுக்கிடுவோம்"ன்னா. அவளுக்குத் தெரியும், சனம் ஒத்துக்கிடாதுன்னு.

சிரிச்சமூஞ்சியாரு அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்த மாதிரி, "ரொம்பச் சரி. புன்னமரத்தடியில ஒரு பானை வைப்போம். சேரலாம்ங்கிறவங்க சிப்பி போடட்டும், வேண்டாம்ங்கிறவங்க கல்லு போடட்டும்"ன்னாரு.

"கல்லா?"ன்னா மாடத்தி. "நாலு பேரு பாக்க, உங்க மூஞ்சிக்கு நேரா வந்து கல்லு போடணுமா? எங்க ஊர்ல அது வழக்கமில்ல. வேண்டாம்னா கதவச் சாத்துவோம்."

"தெரியுமே மாடத்தியம்மா"ன்னாரு அந்த மனுசன். "உங்க வழக்கத்த மாத்த நான் யாரு? வேண்டாம்ங்கிறவங்க உங்க வழக்கப்படியே இருந்துக்கிடட்டும். தமுக்கு மட்டும் நீங்களே அடிங்க, உங்க வாயால சொன்னாத்தான் சனத்துக்கு நம்பிக்கை."

பட்டுத்துணிய மோந்து பாத்தவ, கடிகாரத்துக்குள்ள கைய விட்டவ, நோட்டப் பாத்து மொறச்சவ, இந்த எடத்துல கோட்ட விட்டுட்டாட்டி! நம்ம வழக்கத்தப் பெருமையாச் சொன்னதும் அப்படியே குளுந்து போயிட்டா. அன்னைக்கு ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சிருந்தா புடிபட்டிருக்கும். யோசிக்கல. தமுக்கத் துடைக்கத்தான் அவளுக்கு நேரம் இருந்துச்சு.

மறுநாக் காலையில டமுக்கு டமுக்கு டமுக்கு! "சனங்களே! பெருங்கரையோட சேரணும்னா மைதானத்துக்கு வாங்க! வேண்டாம்னா கதவச் சாத்துங்க! ஊத்த நெனச்சுக்கிட்டு சாத்துங்க! நல்லா இறுக்கிச் சாத்துங்க!" ஒரு தெரு விடல. வடக்கயும் தெக்கயும் கத்திக் கத்தி தொண்டை கட்டிருச்சு. கதவு சாத்துற சத்தம் கேக்கணுமே, டப்பு, டப்பு, டமாருன்னு, தெரு நெடுக. கடைசியில வீட்டுக்கு வந்து தன் கதவ எல்லாரையும் விட ஓங்கிச் சாத்துனா. நிலையே ஆடிப் போச்சு. உள்ள உக்காந்து, "போட்டேன் பாரு ஒரு போடு"ன்னு சிரிச்சா. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் அதே சிரிப்புதான். ஜெயிச்சிட்டோம்னு நெனச்சு சிரிக்காவ உலகு, பாவப்பட்ட சனம்.

அப்போ ராணி விசிறிய எடுத்துக்கிட்டு எண்ணக் கெளம்புனா. டொக், டொக், டொக். நூறு, எரநூறு, முந்நூறு. நானூத்திப் பன்னெண்டு கதவு சாத்தியிருக்கு. தெறந்திருந்தது வெறும் பத்தொம்போது. அந்தச் செருப்புக்காரங்க வீடுதான். ராணிக்கு மனசு நெறஞ்சு போச்சு, கண்ணுல தண்ணியே வந்திருச்சு. நேரா மைதானத்துக்கு வந்தா.

அங்க சிரிச்சமூஞ்சியாரு பானையக் கவுத்தாரு. கலகலகலன்னு பத்தொம்போது சிப்பி. கல்லு? ஒண்ணுகூட இல்ல.

"பாத்தீங்களாம்மா? வந்தவங்க அத்தன பேரும் சம்மதம். ஒருத்தருகூட வேண்டாம்னு சொல்லல"ன்னாரு.

ராணி சிரிச்சா, வெளாட்டுக்குச் சொல்லுதாருன்னு. "நானூத்திப் பன்னெண்டு கதவு சாத்தியிருக்கு. நானே எண்ணிட்டு வாரேன்"ன்னா.

அவரு ராணியப் பாத்தாரு. "எந்தக் கதவும்மா?"ன்னாரு.

அவ்வளவுதான். ரெண்டு வருஷம் வீடு வீடா உக்காந்து மீன்கொழம்பு தின்னவன், சாத்துன கதவுக்குக் கும்பிடு போட்டவன், எந்தக் கதவுன்னு கேக்கான்! பானை பக்கத்து மேசையில அந்தத் தாளு இருந்துச்சு. எல்லாம் எப்பவோ எழுதி, மை காஞ்சு கெடக்கு. நடுவுல ஒரே ஒரு எடம் மட்டும் காலியா இருந்துச்சு, எத்தன சிப்பின்னு எழுத. அதுல 'பத்தொம்போது'ன்னு எழுதுனாரு. டுமீல் டுமீல்னு கப்பல்ல பீரங்கி வெடிச்சுது. சனம் கதவத் தெறந்து வெளிய வந்து பாத்தா, புன்னமரத்து உச்சியில பெருங்கரைக் கொடி பறக்கு. ஊத்தச் சுத்தி துப்பாக்கி வச்சுக்கிட்டு ஆளு நிக்கான். இனிமே வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு கொடம், மிச்சமெல்லாம் கப்பலுக்கு.

மாடத்தி தமுக்கத் தூக்கிக் கடலுல எறிஞ்சிட்டு மணல்ல விழுந்து பொரண்டா. "நாந்தான சொன்னேன், நாந்தான கத்துனேன் சாத்துங்கன்னு"ன்னு மார்லயும் வயித்துலயும் அடிச்சுக்கிட்டா. அவளச் சமாதானப்படுத்த யாராலயும் முடியல.

ராணி சும்மா இருப்பாளா? ஒரு தோணியப் புடிச்சு, எட்டு நாளு அலையில மெதந்து, பெருங்கரை நாட்டுச் சபைக்கே போயிட்டா. அங்க தாடி வச்ச பெரிய மனுசங்க வரிசையா உக்காந்திருந்தாவ. நியாயம் கேட்டா. அவங்க மூணே கேள்வி கேட்டாவ.

"உங்க ஊருக்குத் தமுக்கு அடிச்சுச் சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாவ."

"கல்லு போடுறவங்களை யாராவது தடுத்தாங்களா?"

"இல்ல. ஆனா எங்க ஊரு வழக்கம் அது இல்லையே, நாங்க கதவ..."

"கதவைச் சாத்திட்டுத் தூங்குறவங்களும் உண்டு. அதை விடுங்க. இந்த ரெண்டு வருஷத்துல நீங்களாவது ஒரு தடவை எங்க தூதரைப் பாத்து, வாயைத் தொறந்து, வேண்டாம்னு சொன்னீங்களா?"

ராணி வாயத் தொறந்தா. பொய் சொல்லியிருக்கலாம். அந்த எடத்துல நானா இருந்தா, சொன்னேன், நூறு தடவ சொன்னேன்னு சாதிச்சிருப்பேன். ஆனா அவளுக்குப் பொய்யும் வராது. "இல்ல, சொல்லல"ன்னா.

"அப்போ போயிட்டு வாங்க"ன்னுட்டாவ.

எட்டு நாளு மெதந்து திரும்பி வந்தா. வாரப்போ ராணி இல்ல, வெறும் பூரணத்தாயி. மறுநாக் காலையில இடுப்புல ஒரு கொடத்த வச்சுக்கிட்டு, ஊத்து வரிசையில போயி கடைசியா நின்னா. அவளுக்குப் பின்னால மாடத்தி வந்து நின்னா. வெயிலு சுள்ளுன்னு அடிக்கி. அப்போ சிரிச்சமூஞ்சியாரு வாராரு. வரிசையப் பாத்துக்கிட்டே வந்து, ராணி முன்னால நின்னு, அதே சிரிப்பு. "என்னம்மா, எல்லாம் சௌகரியம்தான?"

ராணி நிமுந்து அவரு கண்ணப் பாத்தா. மூணு தலமுறையா அந்தத் தீவுல யாரும் சொல்லாத வார்த்த. நாக்கு எழும்ப மாட்டேங்கு. பல்லக் கடிச்சுக்கிட்டு சொன்னா.

"இல்ல. உங்க ஆளு வேண்டாம். உங்க கொடி வேண்டாம். நீங்களும் வேண்டாம்."

மாடத்தி முன்னால வந்தா. கட்டுன தொண்டை இன்னும் தெறக்கல அவளுக்கு. "வேண்டாம்"ன்னு கரகரன்னு சொன்னா. அவளுக்கு அங்கிட்டு நின்ன பொம்பளையாளு, "வேண்டாம்"ன்னா. அப்புறம் ஒரு கெழவரு. அப்புறம் ஒருத்தி, கைப்பிள்ளக்காரி. அப்புறம் அந்தச் செருப்புக்காரங்கள்ல ஒருத்தன், தலையக் குனிஞ்சுக்கிட்டு, அவனும் சொன்னான். வேண்டாம், வேண்டாம், வேண்டாம்னு வரிசை பூரா, மூஞ்சிக்கு நேரா. அப்பத்தான் உலகு, ரெண்டு வருஷத்துல மொத மொறையா அந்த ஆளு மூஞ்சியில சிரிப்பக் காணோம். நோட்ட எடுத்தாரு. எழுதல. மூடி வச்சிட்டாரு.

என்னது? தீவு திரும்பக் கெடைச்சுதாவா?

கெடைக்கலட்டி. உன்கிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லணும்? கொடி இன்னும் அங்கதான் பறக்கு. ஆனா தெனமும் காலையில தண்ணிக்கு வாரவங்க, கொடத்த நீட்டுறதுக்கு முன்னால அந்தத் துப்பாக்கிக்காரன் மூஞ்சியப் பாத்து வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் நீட்டுவாவளாம். அவன் மாறி வேற ஆளு வந்தாலும் சொல்லுவாவளாம். ராணி போயிச் சேந்துட்டா, மாடத்தியும் போயிட்டா. இப்ப அவங்க பேரன் பேத்திக சொல்லுதாவ. ஒரு நாளு கேக்காமலா போயிரும்? எனக்கு எல்லாத்துலயும் சந்தேகம், இதுல மட்டும் சந்தேகமில்ல.

சரி, போதும். இப்பத் தூங்குதியா?

என்னது? மாட்டியா? என் மூஞ்சியப் பாத்து, கண்ண முழிச்சுக்கிட்டு, மாட்டேங்கியா?

அடி சண்டாளி! இங்க வா, ஒரு முத்தம் குடு. தூங்காட்டா போ, உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். சும்மா படுத்து மட்டும் கெட. கதை கரை சேந்துருச்சு, கண்ணு தானாச் சேரும்.